தி.மலை பஸ்ஸும் ஆங்கில இலக்கணமும்

திண்டிவனம் பஸ் நிலையத்தில் ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்து, நான் ஏற வேண்டிய பஸ்களையெல்லாம் ஒவ்வொன்றாக வழியனுப்பி வைத்தேன். நான் காத்திருந்தது ‘திருவண்ணாமலை’ என்று போட்ட பஸ்ஸுக்காக. வந்தவை எல்லாம் ‘தி.மலை’ என்று போட்டுக்கொண்டு வந்தன. திமலை என்று ஏதோ ஓர் ஊர் இருக்கிறது, அதற்குத்தான் ஏகப்பட்ட கிராக்கி, நாம் போகிற ஊரைச் சீந்துவார் இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். எங்கள் ஊரில் பஸ்ஸுக்கு எண் இருக்கும், எண்ணைப் பார்த்து ஏறிவிடுவோம். கடைசியில் வேர்க்கடலை விற்ற ஓர் அம்மாளிடம் கேட்டேன்.

“திமலைக்கு இத்தனை பஸ் போகுதே, திருவண்ணாமலைக்கு ஒண்ணுகூட இல்லீங்களா?”

அந்த அம்மாள் என் பெட்டியைப் பார்த்தாள், என் பூப்போட்ட சட்டையைப் பார்த்தாள். “அய்ய, அதாங்க இது! போர்டுல எடம் பத்தலன்னு சுருக்கி எழுதிக்கறாங்க. ஏறுங்க, ஏறுங்க, இதுவும் பூடப்போவுது!” என்று என்னைத் தள்ளாத குறையாக ஏற்றிவிட்டாள். கண்டக்டருக்கு அவளே விஷயத்தைக் கத்திச் சொன்னதில் பஸ் முழுக்கச் சிரித்தது. செஞ்சி வரைக்கும் நான் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன்.

இது எழுபதுகளின் கடைசியில், ஒரு டிசம்பர் பள்ளி விடுமுறையில் நடந்தது. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் மலேசியாவில், தைப்பிங்கில். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியர். அம்மாதான் இந்தப் பக்கத்து ஆள்; கல்யாணமான கையோடு அப்பாவுடன் கப்பல் ஏறியவள். எனக்கு வாத்தியார் வேலை கிடைத்தால் மலையைச் சுற்றி வருவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். வேலை கிடைத்துப் பல வருஷம் ஓடிவிட்டது, அதற்குள் அவளுடைய முழங்கால் அவளைக் கைவிட்டுவிட்டது. “எனக்குப் பதிலா நீ அந்த மலை ஊருக்குப் போயி ஒரு சுத்து சுத்திட்டு வந்துடுடா” என்றாள். அம்மா எப்போதும் அப்படித்தான் சொல்வாள், மலை ஊர் என்று. அங்கிருந்து வரும் கடிதங்களைப் பார்த்துத்தான் எனக்கு அதன் பெயர் தெரியும்; இவ்வளவு காலத்தில் ஊரின் பெயர் அவளுக்கு மறந்துபோய்விட்டது என்று நான் நினைத்திருந்தேன்.

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி என் பெயரையும் தகப்பனார் பெயரையும் உரக்கப் படித்தார். செல்வராஜ், அண்ணாமலையின் மகன். எந்த ஊருக்குப் போகிறேன் என்று கேட்டார். சொன்னேன். “அதான் அப்பா பேருலயே இருக்கே” என்று முத்திரையைக் குத்தினார். நான் தவழ்ந்துகொண்டிருந்த வயதிலேயே அப்பா இறந்துபோனார். எனக்கு அவர் சுவரில் ஒரு போட்டோ, பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், அவ்வளவுதான்.

அம்மாவுக்குத் தம்பி முறையாகும் மாமா ஒருவர் கோயிலின் மேற்குக் கோபுரமான பேகோபுரத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் இருந்தார். தாலுகா ஆபீசில் வேலை. அன்றைக்குச் சாயங்காலம் என் பஸ் கதையைச் சொன்னபோது மாமா சிரித்தார், அத்தை சிரித்தாள். பின்கட்டில் குடியிருந்த கமலா என்ற பெண் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “சார், திமலைன்னு எப்டி சொன்னீங்க? இன்னொரு தரம் சொல்லுங்க சார்” என்று கேட்டு, நான் சொன்னதும் மறுபடி சிரித்தாள். எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. ஆனால் அத்தை அப்போது சுடச்சுட இட்லியும் வேர்க்கடலைச் சட்னியும் வைத்துவிட்டதால் கோபத்தைத் தள்ளிப்போட்டேன். தைப்பிங்கில் நாங்கள் தேங்காயைத்தான் எல்லாவற்றுக்கும் அரைப்போம். கடலையில் இப்படி ஒரு சட்னி இருப்பதை அம்மா ஏன் மறைத்தாள் என்று தெரியவில்லை.

சாப்பாட்டின் நடுவிலேயே மாமா ஆரம்பித்துவிட்டார். “மாப்ள, இந்த ‘ஷல்’லு, ‘வில்’லு, இதுல எது எங்க வரும்? எங்க ஆபீஸர் ‘ஐ ஷல்’னு எழுதினா ‘வில்’னு அடிக்கிறாரு. ‘வில்’னு எழுதினா ‘ஷல்’னு அடிக்கிறாரு.”

நான் யோசித்தேன். என் வாழ்க்கையில் நான் ‘ஷல்’ என்று சொன்னதே கிடையாது. எங்கள் ஊரில் யாராவது எதையாவது கேட்டால் ‘கேன், கேன்’ என்போம், காரியம் நடந்துவிடும். “இரண்டும் சரிதான் மாமா” என்றேன். மாமாவின் முகம் விழுந்துவிட்டது. கடல் தாண்டி வந்த வாத்தியார் இதற்குக்கூட ஒரு விதி சொல்லவில்லையே என்ற ஏமாற்றம் அதில் அப்பட்டமாகத் தெரிந்தது.

மறுநாளைக்குள் தெரு முழுக்க விஷயம் பரவிவிட்டது. பாரின்லேர்ந்து இங்கிலீஷ் வாத்தியார் வந்திருக்கிறார். முகம் மழிக்கப் போனால், கத்தியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு, “சார், ‘கஸின் பிரதர்’னு சொன்னா தப்புங்களா?” என்கிறார் ஒருவர். தப்பு என்று அந்த நிலையில் யார் சொல்வார்கள்? காபி குடிக்கப் போன மெஸ்ஸில் முதலாளி தன் கடை போர்டைக் காட்டினார். “‘மீல்ஸ் ரெடி’ன்னு போட்டுக்கறேன். ஒரு காலேஜ் பையன் வந்து, ‘மீல்ஸ் ஆர் ரெடி’ன்னு போடணும்னு சொல்லிட்டுப் பூட்டான். ரெண்டு நாளா எனக்குத் தூக்கம் வரல சார்.” சாப்பாடு தயாராக இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். அப்படியானால் போர்டு சரி என்றேன். அவருக்குத் திருப்தி, எனக்குத்தான் அதற்கப்புறம் சந்தேகம் வந்துவிட்டது. போர்டில் எழுதினால் சரி, வாயால் சொன்னால் தப்பா? காபியை ஆற்றிக்கொண்டே அதையே யோசித்தேன். காபியும் வித்தியாசம். எங்கள் ஊர்க் காபி கறுப்பாக, டின் பாலின் தித்திப்போடு இருக்கும். இது டபராவில் நுரைத்துக்கொண்டு நின்றது.

இந்த ஊர்க்காரர்களைப் பற்றி எனக்குப் பெரிய குழப்பம் என்னவென்றால், எல்லோருக்கும் இலக்கணம் தெரிந்திருந்தது. எங்கே எந்த வினை வரும், எந்தச் சொல்லுக்கு முன்னால் எது வராது என்று விதிவிதியாகச் சொன்னார்கள். எனக்கு அந்த விதிகளில் பாதி தெரியாது. ஆனால் நாலு வார்த்தை பேசச் சொன்னால் வாய் திறக்க மாட்டார்கள். நான் விதி தெரியாமல் நாள் முழுக்கப் பேசுகிறவன். இதில் யார் ஆங்கிலம் தெரிந்தவர் என்று எனக்கே புரியாமல் போயிற்று.

விதியும் தெரிந்து வாயும் திறக்கக்கூடியவள் கமலா ஒருத்திதான். கீழ்பென்னாத்தூர்க்காரி. மானாவாரிக் கொல்லையும் நெல்லும் கடலையுமாக இருக்கிற குடும்பம், எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்க வைத்திருந்தார்கள். புருஷன் லாரி டிரைவர். அவரை எல்லோரும் ‘டிரைவர்’ என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அந்த வருஷம் செங்கம் ரோட்டில் கடலை மூட்டையோடு லாரி கவிழ்ந்து அவருக்குக் கால் முறிந்துவிட்டது. புத்தூர்க் கட்டுப் போட்டு எலும்பு கூடிவிட்டது, முட்டிதான் மடங்கவில்லை. மடங்காத காலால் கிளட்சை மிதிக்க முடியாது. இனி லாரி கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும், அவர் எதிரில் யாரும் சொல்வதில்லை.

போளூர் ரோட்டில் ஒரு டாக்டரம்மா நடத்தும் நர்சிங் ஹோமில் டெலிபோன் எடுத்துப் பேச ஆள் தேவைப்பட்டது. ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களும் அங்கே வைத்தியத்துக்கு வருவதால் ஆங்கிலம் பேச வேண்டும். கமலாவைத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். இந்த வேலை கிடைத்தால் இந்த ஊரில் இருக்கலாம். இல்லையென்றால் வீட்டைக் காலி செய்துகொண்டு கீழ்பென்னாத்தூரில் அவள் அப்பா வீட்டுக்குப் போக வேண்டும். “மாமனார் வூட்டுச் சோத்துக்கு நொண்டிக்கினே போயி நிக்கணும் சார்” என்றார் டிரைவர், கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டியபடி, சிரித்துக்கொண்டே. அதைக் கேட்டுக் கமலா சிரிக்கவில்லை. “சார், ஒரு வாரம் எனக்குச் சொல்லிக் குடுங்க சார்” என்றாள்.

முதல் பாடத்திலேயே அசந்துபோனேன். பெயரைக் கேட்டேன், படிப்பைக் கேட்டேன், நோயாளி ஒருவர் போனில் கத்தினால் என்ன சொல்வாய் என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் அழகாகப் பதில் சொன்னாள். வார்த்தை வராதபோது ‘ஒன் மினிட் ப்ளீஸ்’ என்று சொல்லி யோசித்துக்கொண்டாள். அதுவே போனுக்கு ஏற்ற பதில்தான். பிறகு மிகச் சுலபமான கேள்வி ஒன்றைக் கேட்டேன். நீ எங்கே வசிக்கிறாய்?

“ஐ லிவ் இன்…” என்றாள். நின்றுவிட்டாள். தரையைப் பார்த்தாள். “ஐ லிவ் ஹியர், சார்.”

ஹியர் என்றால் எந்த ஊர் என்று தெரியாது, ஊரைச் சொல் என்றேன். “ஐ லிவ் அட்…” மறுபடி நின்றாள். சரி, சொந்த ஊர் எது என்று கேட்டேன். “ஐ ஆம் ஃப்ரம் கீழ்பென்னாத்தூர்” என்று தண்ணீர் மாதிரி வந்தது. இப்போது எங்கே இருக்கிறாய்? “நவ் ஐ ஆம் இன்…” என்று நின்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பாவம், ‘இன்’ போடுவதா ‘அட்’ போடுவதா என்று தெரியாமல் தவிக்கிறாள். எத்தனை மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்! பெரிய ஊருக்கு ‘இன்’, சின்ன இடத்துக்கு ‘அட்’ என்று பழைய இலக்கணத்தில் ஒரு விதி உண்டு. அதை விளக்கினேன். கமலா பணிவாகத் தலையாட்டினாள். அடுத்த முறையும் அதே இடத்தில் நின்றாள்.

அந்த விதியை நான் வெளியே விட்டிருக்கக் கூடாது. மறுநாள் மாமா என்னைக் காதர் பாய் கடைக்குப் பிரியாணி சாப்பிட அழைத்துப்போனார். பல தலைமுறையாக அந்தத் தெருவிலேயே இருக்கும் குடும்பம் பாயுடையது. சீரகச் சம்பாவில், கத்தரிக்காய்த் தொக்கோடு அவர் போட்ட பிரியாணிக்காகவே மறுபடி விமானம் ஏறலாம். மாமா வாய் நிறையச் சோற்றோடு, “பாய், நம்ப ஊரு ‘இன்’னா, ‘அட்’டா?” என்று கேட்டார்.

பாய்க்கு விஷயம் விளங்கியதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “இன்னாங்க இப்டி கேட்டுட்டீங்க? இவ்ளோ பெரிய கோயிலு! ‘இன்’தாங்க.”

“கோயிலு பெருசு பாய். ஊரு? ஜில்லா ஆபீஸெல்லாம் வேலூர்லதானே கீது? வேலூருக்கு ‘இன்’னு போட்டா நமக்கு ‘அட்’டுதான் வரும்.”

“வேலூர்ல இன்னா கீது? வெய்யிலு ஜாஸ்தி, அவ்ளோதான். நம்ப ஊரு எதுல கம்மி?”

பக்கத்து மேசையில் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தீர்ப்புச் சொன்னார். “தீபத்தன்னிக்கு ‘இன்’னு போடுங்க. மத்த நாளுக்கு ‘அட்’டு போதும்.” கடையே அதை ஏற்றுக்கொண்டது. நான் மட்டும் கை கழுவிக்கொண்டு நின்றபோது, அந்த மனிதர் சொன்னதில் உண்மையாகவே ஏதோ நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றி, இன்னும் குழம்பினேன்.

சனிக்கிழமை அம்மாவின் வேண்டுதலை முடித்தேன். விடிவதற்கு முன் கிளம்பி மலையை வலம் வந்தேன். வெறுங்காலோடு நடக்க வேண்டும் என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். தைப்பிங்கில் வீட்டுக்குள்கூடச் செருப்புப் போட்டுப் பழகிய கால் எனக்கு. பாதி வழியிலேயே கொப்புளம் கண்டுவிட்டது. மலை மட்டும் திருப்பத்துக்குத் திருப்பம் வேறு வேறு மலையாக நின்றது. ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது காவிப் புடவை கட்டிய வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்து, “மணி என்ன ஆச்சு?” என்றாள். நான் பெருமையாக ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. அவள் இத்தாலிக்காரியாம், ஆங்கிலம் தெரியாதாம். தமிழில் சொல்லச் சொன்னாள். ஏழரை என்று தமிழில் சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நர்சிங் ஹோமில் வேலை செய்யும் நர்ஸ் ஒருத்தி கமலாவிடம் ஒரு தகவல் சொல்லிவிட்டுப் போனாள். டாக்டரம்மா போனை எடுத்துப் பேசச் சொல்லிப் பார்ப்பாராம். எடுத்ததும் வணக்கம் சொல்லி, நர்சிங் ஹோம் என்று சொல்லி, ஊர் பெயரையும் சொல்ல வேண்டுமாம். வெளியூரிலிருந்து டிரங்க் காலில் கூப்பிடுகிறவர்களுக்குச் சரியான ஊர் கிடைத்ததா என்று தெரிய வேண்டும் அல்லவா? போனை எடுக்கிற ஒவ்வொரு தடவையும் அப்படிச் சொல்ல வேண்டும். கமலாவின் முகம் வெளிறிவிட்டது.

நான் ஒரு பித்தளைச் சொம்பை அவள் கையில் கொடுத்தேன். இதுதான் போன், சொல் என்றேன். சொம்பைக் காதில் வைத்துக்கொண்டாள். “குட் மார்னிங். நர்சிங் ஹோம்…” என்றாள். அவ்வளவுதான். இதில் ‘இன்’னும் இல்லை, ‘அட்’டும் இல்லை, வெறும் ஊர்ப் பெயர்! எனக்குத் தலை சுற்றியது. திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வாய் மூடிக்கொண்டது. கடைசியில் பள்ளிக்கூடத்துக் கோபம் எனக்கு வந்துவிட்டது.

“என்னம்மா இது? இவ்வளவு பேசுறே, குடியிருக்கிற ஊர் பேர் சொல்ல வரலையா?”

கமலா சொம்பைக் கீழே வைத்தாள். கண் நிறைந்துவிட்டது. எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் ஒன்றும் புரியாமல் சொம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“சார், இப்டி வாங்க” என்றார் டிரைவர், கட்டிலில் இருந்தபடியே. “வந்த நாள்லேர்ந்து டிரைவரு, டிரைவருன்னு கூப்புடுறீங்களே. எம் பேரு இன்னான்னு கேட்டீங்களா?”

கேட்கவில்லை என்றேன்.

“அண்ணாமலைங்க.”

என் அப்பா பெயரும் அதுதான் என்றேன், எதையோ சொல்ல வேண்டுமே என்று. “இந்தப் பக்கம் கல்ல வுட்டெறிஞ்சா எவனாவது ஒரு அண்ணாமலை தலைலதான் சார் வுழும்” என்று சிரித்தார். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. அத்தைதான் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். “புருஷன் பேரச் சொல்லுவாளா? ஊரு பேருல அவரு பேரு கீதில்ல?”

மனைவி கணவன் பெயரைச் சொல்லக்கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. எங்கள் ஊரிலும் பழைய ஆட்கள் சொல்ல மாட்டார்கள். ஆனால் அது ஊரின் பெயர் வரைக்கும் பாயும் என்று யார் கண்டது? சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்றாள் அத்தை. இவள் சொல்லாமல்தான் இருந்தாள். ஒரே ஒரு தடவை, விழுப்புரத்தில் ராத்திரிக் கூட்டத்தில், கண்டக்டர் எரிந்து விழுந்து “எந்த ஊரும்மா, வாயத் தொறந்து சொல்லும்மா” என்று கத்தியதில், பயந்து ஊர்ப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்கிவிட்டாள். அந்த வாரமே லாரி கவிழ்ந்தது.

“பிரேக்கு புடிக்காததுக்கு இவ இன்னா சார் பண்ணுவா? நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன்” என்றார் டிரைவர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நீங்க வற்புறுத்தாதீங்க சார். அவ ஒரு தரம் சொல்லி, அன்னிக்கு எனக்கு ஒரு தும்மல் வந்தாக்கூட வேலைய வுட்டுட்டு ஓடியாந்துடுவா. கீழ்பென்னாத்தூருக்கே பூடறோம். அவ அழுதுக்கினு ஒரு வேலை எனக்கு வேணாம்.”

எனக்குக் கோபம் வந்தது, வெட்கமும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. இவ்வளவு கெட்டிக்காரப் பெண் இப்படி ஒரு பயத்துக்காக நல்ல வேலையை விடுவதா என்று ஒரு பக்கம் எரிச்சல். உள்ளே விசும்பல் கேட்கும்போது, அவளுடைய பயத்தைப் பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு வாரமாக நான் அந்தப் பெண்ணுக்கு ‘இன்’, ‘அட்’ என்று விதி நடத்திக்கொண்டிருந்ததை நினைத்தால் எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

திங்கட்கிழமை காலை கமலா வெளிர்நீலப் புடவையில் கிளம்பி நின்றாள். அவள் போகப் போவதில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். “வரச் சொன்னாங்க, போயி ஒரு மொகம் காட்டிட்டு வந்துடறேன். துணைக்கு வர்றீங்களா சார்?” என்றாள். சைக்கிள் ரிக்‌ஷாவில் போனோம். போளூர் ரோட்டில் பாதி தூரத்தில் செயின் கழன்றுவிட்டது. ரிக்‌ஷாக்காரர் அதை மாட்டிக்கொண்டிருந்தபோது எங்களை உரசிக்கொண்டு ஒரு பஸ் போயிற்று. கமலா அந்த பஸ்ஸின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நேரமாகிறதே என்று ரிக்‌ஷாக்காரரை அவசரப்படுத்திக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா மெட்ராஸ்காரர், வேகமான ஆங்கிலம். கமலா ஈடுகொடுத்தாள். படிப்பு, குடும்பம், புருஷனின் கால் என்று எல்லாம் சொன்னாள். எந்த நிமிஷம் அந்தக் கேள்வி வருமோ என்று நான் காத்திருந்தேன். கேள்வி வரவில்லை, மேசைமேல் இருந்த போன் மணியடித்தது. நிஜப் போன். “டேக் இட்” என்றார் டாக்டரம்மா, நாற்காலியில் சாய்ந்துகொண்டு.

கமலா எடுத்தாள். “குட் மார்னிங். நர்சிங் ஹோம்…” என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“தி.மலை” என்றாள்.

பிறகு தமிழில், “சொல்லுங்கய்யா… ஆமாங்க… காலைல பத்து மணிக்குக் கூட்டியாங்க” என்று பேசி, பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனை வைத்தாள். டாக்டரம்மா புருவத்தைத் தூக்கினார். திமலை என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“பஸ் போர்டு, மேடம். எவ்ரி பஸ். எவ்ரிபடி நோஸ்.”

“அந்தப் பக்கம் பேசியவருக்குப் புரிந்ததா?”

“புரிஞ்சுது மேடம். வந்தவாசிலேர்ந்து பேசினாரு. ஒரு கேள்வி கேக்கல.” என் பக்கம் திரும்பினாள். “ஒன்லி சார் டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட், மேடம்.”

டாக்டரம்மாவுக்கு அது என்னவென்று தெரியாது. ஆனாலும் கமலா சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்துவிட்டார். மறுநாளிலிருந்தே வரச் சொன்னார். வெளியே வந்து ரிக்‌ஷாவில் ஏறும்போது கமலா வாய்க்குள் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் டிரைவர் கோலை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்பதற்குள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். அன்றைக்குக் காதர் பாய் கடையிலிருந்து எல்லோருக்கும் பிரியாணி வந்தது.

ஊர் திரும்புவதற்கு முன் மெட்ராஸ் தபாலாபீசிலிருந்து அந்த நம்பருக்கு ஒரு டிரங்க் கால் போட்டேன், எந்தக் காரியமும் இல்லாமல். இரைச்சலுக்கு நடுவில், “குட் மார்னிங், நர்சிங் ஹோம், தி.மலை” என்று கேட்டது. என்ன பேசுவது என்று தெரியாமல், டிரைவர் எப்படி இருக்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். “ஹி இஸ் வெரி வெல், சார்!” என்று கத்தினாள். அவ்வளவு தெளிவான ஆங்கிலத்தை நான் அந்தப் பயணத்தில் கேட்கவில்லை.

தைப்பிங்கில் வழக்கம்போல மழை. அம்மா என் பாதத்தைப் புரட்டிப் பார்த்துக் கொப்புளத்தைத் தடவினாள். “மலை ஊர்ல குளிரா இருந்துச்சா?” என்றாள்.

அந்த வார்த்தையை நான் பிறந்ததிலிருந்து கேட்கிறேன். அப்போதுதான் அது என் காதில் விழுந்தது. சுவரில் அப்பாவின் போட்டோவைப் பார்த்தேன். பாஸ்போர்ட்டைப் பார்த்து விமான நிலையத்து அதிகாரி சொன்னது ஞாபகம் வந்தது. இவ்வளவு குழம்பிவிட்டு, கடைசியில் விளங்க வேண்டியது எனக்கு வீட்டிலேயே இருந்திருக்கிறது.

“அம்மா, அந்த ஊர் பேரு உனக்கு மறக்கல, இல்ல?”

அம்மா என் பாதத்தை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“அப்பா போயி இவ்ளோ வருஷம் ஆச்சே. இனிமே சொன்னா அவருக்கு என்ன ஆகப்போகுது?”

“அவருக்கு ஒண்ணும் ஆவாதுடா” என்றாள் அம்மா. “எனக்குத்தான். சொல்லிட்டேன்னா, அவரு நெசமாவே பூட்டாருன்னு ஆயிடும்.”

பெட்டியைத் திறந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தேன். “இந்தாம்மா, தி.மலை விபூதி” என்றேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். அது என்ன பெயர் என்று கேட்டாள். பஸ்ஸில் அப்படித்தான் எழுதுகிறார்கள், அங்கே எல்லோருக்கும் புரியும் என்றேன். விபூதியை நெற்றியில் இட்டுக்கொண்டு, போட்டோ பக்கம் திரும்பாமல், “தி.மலை” என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். இன்னொரு தடவை சொன்னாள். பிறகு அந்த ஊரைப் பற்றி, கடலைக் கொல்லையைப் பற்றி, கல்யாணத்துக்கு மறுநாள் அப்பாவோடு கோயிலுக்குப் போனதைப் பற்றி, மழை விடும்வரை பேசிக்கொண்டே இருந்தாள்.